சீன மொழிப் படிவத்தின் எண்ணைத் தமிழ்ப் படிவத்தின் எண்ணோடு ஒப்பிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடல்நலக் கருத்தாய்வு முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் அவற்றை இனவாரியாகப் பிரித்துப் படம் போடுவது செய்தித்தாள்களுக்கு வழக்கமாகிவிட்டது. இந்த நோயைப் பற்றிய பயம் சீனர்களிடம் குறைவு, இந்தியர்களிடம் கூடுதல் என்று தலைப்பும் வைத்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் ஒரே கேள்விப்படிவம் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்று நான்கு மொழிகளில் வீடுகளுக்குப் போகிறது. நான்கும் ஒன்றையே அளக்கின்றனவா என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை. இப்படிப் படிவங்களை மொழிமாற்றிச் சோதிக்கும் துறையில் இருக்கிறோம். சீன மொழிப் படிவம் ஒன்றை உருவாக்கும்போது எங்கெங்கே பிசகுகிறது என்பதை உங்கள் வாசகர்களுக்கு விளக்கவே இந்தக் கடிதம். சீனம் என்றதும் நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நம்மோடு ஒப்பிட்டுக் காட்டப்படும் எண் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் இந்தப் படிவங்களுக்கு அடிப்படையான அளவுகோலைப் பற்றிச் சுருக்கமாக. 1950களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க இலவச எக்ஸ்ரே வண்டிகள் மக்கள் இருக்கும் இடத்துக்கே போயும் எதிர்பார்த்த அளவு ஆட்கள் வரவில்லை. அரசின் பொதுச் சுகாதாரச் சேவையில் இருந்த ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலிய சமூக உளவியலாளர்கள் ஏன் என்று தேடியதில் உருவானதுதான் உடல்நல நம்பிக்கை மாதிரி. இந்த நோய் எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், சோதனை செய்துகொண்டால் என்ன பயன், செய்துகொள்ள என்ன தடை என்ற நான்கு எண்ணங்களும் எப்படி இருக்கின்றன என்பதை வைத்தே ஒருவர் வருவாரா மாட்டாரா என்று ஊகிக்கலாம் என்பது அதன் சாரம். ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கை 1988இல் சேர்ந்தது. மார்பகப் புற்றுநோய்க்காக இந்த மாதிரியை வைத்து விக்டோரியா சாம்பியன் 1984இல் ஓர் அளவுகோல் வெளியிட்டார். 1990களில் அது திருத்தப்பட்டது. மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே பற்றிய எண்ணங்களை அளக்கப் பல நாடுகளில் எடுத்தாளப்படுவது இதுதான். வாக்கியத்தைப் படித்துவிட்டு, முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன் என்பதிலிருந்து சிறிதும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது வரை ஐந்தில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

இதில் ‘எனக்கு வருமா’ என்ற பகுதியில் மூன்றே வாக்கியங்கள். எனக்கு மார்பகப் புற்றுநோய் வரக்கூடும், அடுத்த சில ஆண்டுகளில் வர வாய்ப்பு அதிகம், வாழ்நாளில் எப்போதாவது வரும் என்று நினைக்கிறேன் என்ற பொருளில் அவை இருக்கும். சீனத்தில் மூன்றையும் பிழையில்லாமல் எழுதிவிடலாம். இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கினால் மூலத்தோடு அப்படியே பொருந்தும். ஆனால் 60 வயதைக் கடந்த சீனப் பெண்மணியிடம் இதைப் படித்தால், தனக்குக் கெடுதல் வரும் என்று தன் வாயாலேயே சொல்லச் சொல்கிறீர்களே என்று முகம் சுளிப்பார். அமங்கலமான பேச்சு அது. சிலர் மூன்றையும் விட்டுவிடுவார்கள். பலர் மூன்றுக்கும் ‘சிறிதும் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று குறித்துவிட்டு நகர்வார்கள். கணினியில் அது குறைந்த பயமாகப் பதிவாகும். உண்மையில் அந்தப் பெண்மணி நோயை நினைத்து இரவெல்லாம் தூங்காதவராகவும் இருக்கலாம்.

பேட்டியாளர் படித்துக் காட்டும் இடங்களில் இது இன்னும் சிக்கலாகிறது. படிவம் ‘நான்’ என்ற தன்மையில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பேட்டியாளர் உரக்கப் படித்தால், எனக்குப் புற்றுநோய் வரும் என்று அவரே சொல்வதுபோல் ஆகிறது. ‘உங்களுக்கு’ என்று மாற்றினால் சாபம் கொடுப்பதுபோல் ஆகிறது. அதனால் களத்தில் பேட்டியாளர்கள் ஆளுக்கொரு விதமாக மழுப்பிவிடுகிறார்கள். அந்த மழுப்பல் எந்த அறிக்கையிலும் வராது. வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் அட்டையில் அச்சிட்டுக் கையில் கொடுத்து, விரலால் விடையைச் சுட்டச் சொல்வது ஒரு வழி. ‘சில பெண்கள் தங்களுக்கும் இது வரலாம் என்று நினைக்கிறார்கள், சிலர் அப்படி நினைப்பதில்லை’ என்று முன்னுரை ஒன்றைச் சேர்த்துவிட்டுக் கேட்பது இன்னொன்று. ‘உங்கள் வயதுப் பெண்களோடு ஒப்பிட்டால்’ என்று தொடங்குவதும் உண்டு. அப்போது விடை எளிதாக வரும். ஆனால் அளப்பது வேறொன்றாகிவிடும். பிறரைவிடக் கூடுதலா குறைவா என்பதும், வருமா வராதா என்பதும் ஒன்றல்ல. இந்த மாற்றத்தைச் செய்பவர்கள் மூல அளவுகோலின் மதிப்பெண்ணோடு தங்கள் எண்ணை ஒப்பிடக் கூடாது.

சீனப் புத்தாண்டின் 15 நாள்களிலும் அதற்குச் சற்று முன்னும் இந்தக் களப்பணி வேண்டாம். நோயையும் சாவையும் பேசக் கூடாத நாள்கள் அவை. ஆய்வு நிதியாண்டின் கணக்கை முடிக்கும் அவசரத்தில் பிப்ரவரியில் இறங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அடுத்தது விடைக் கட்டங்கள். ஐந்தில் நடுவில் இருப்பதற்குச் சீனத்தில் என்ன பெயர் வைப்பது? ‘மெய் யீஜியென்’ என்று போட்டால் சொல்லுக்குச் சொல் ‘கருத்தில்லை’ என்று பொருள். ஆங்கில மூலத்தோடு கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அன்றாடப் பேச்சில் அதன் பொருள் ‘எனக்கு ஆட்சேபமில்லை’ என்பது. கூட்டத்தில் ஒரு முடிவுக்குச் சம்மதம் கேட்டால் இப்படித்தான் தலையாட்டுவார்கள். ஆக, நடுநிலைக் கட்டம் ஒத்துக்கொள்ளும் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ‘யீபான்’ என்று போட்டால் ‘சுமார்’ என்றாகிறது. உணவின் தரத்துக்குப் பொருந்தும், ஒரு வாக்கியத்தை ஏற்பதற்குப் பொருந்தாது. ‘உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்ற பொருள் தரும் தொடர்தான் இருப்பவற்றில் பரவாயில்லை. அதிலும், தெரியாததால் சொல்ல முடியாதவரும் இரண்டுக்கும் நடுவில் நிற்பவரும் ஒரே கட்டத்தில் விழுகிறார்கள். ‘தெரியாது’ என்பதைத் தனிக் கட்டமாக, மதிப்பெண் இல்லாமல், ஐந்துக்கும் வெளியே வைப்பது நல்லது.

கிழக்காசியர்கள் நடுக்கட்டத்தையே தேடிப் போவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. 1995இல் வெளியான மாணவர் ஒப்பீடு ஒன்றில் ஜப்பானிய, தைவான் மாணவர்கள் வட அமெரிக்க மாணவர்களைவிட நடுப்புள்ளியைக் கூடுதலாகப் பயன்படுத்தியது தெரிந்தது. ஆனால் வேறுபாடு பெரிதல்ல. அந்தச் சின்ன வேறுபாட்டைக் காரணம் காட்டி நடுக்கட்டத்தையே நீக்கி நான்காகச் சுருக்குவது அவசர வைத்தியம். நான்கு கட்டம் கொடுத்தால் நடுவில் நிற்பவர் ஏதோ ஒரு பக்கம் தள்ளப்படுகிறார், அவ்வளவுதான். கட்டங்களுக்கு எண் போடாமல் சொற்களை மட்டும் அச்சிடுவது நல்லது. 4 என்ற எண்ணின் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லை ஒத்திருப்பதால் அதை ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். நோயைப் பற்றிய படிவத்தில் அந்த வம்பு எதற்கு?

மேலே சொன்ன இரண்டு கோளாறுகளுக்கும் ஒரு பொது அம்சம் உண்டு. இரண்டுமே திருப்பி மொழிபெயர்க்கும் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். 1970இல் உளவியலாளர் பிரிஸ்லின் எழுதியதிலிருந்து இந்தச் சோதனை ஒரு சடங்காகவே நிலைத்துவிட்டது. ஒருவர் மூலத்தைச் சீனமாக்குவார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் முத்திரை விழும். எங்கள் கருத்தில் மிக நெருக்கமாக ஒத்துப்போவதே எச்சரிக்கை மணி. சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால்தான் அப்படிச் சொல்லுக்குச் சொல் திரும்பி வரும். சீனர் காதுக்கு இயல்பாக எழுதப்பட்ட வாக்கியம் திரும்பி வரும்போது கொஞ்சம் உருமாறித்தான் வரும். கூடுதலாகச் சேர்ந்த சொல், விடுபட்ட ‘இல்லை’, இடம் மாறிய கால அளவு ஆகியவற்றைப் பிடிக்க இந்தச் சோதனை உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ஒழுங்காகச் செய்வதென்றால் 2000ஆம் ஆண்டில் பீட்டன் குழுவினர் வெளியிட்ட வழிகாட்டலே இன்றும் போதுமானது. சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். ஒருவருக்குக் கேள்விகள் எதை அளக்கின்றன என்று தெரிந்திருக்கும். மற்றவருக்குத் தெரியக் கூடாது, மருத்துவப் பின்னணியும் கூடாது. சாதாரண ஆள் பேசும் சீனம் அவரிடமிருந்துதான் வரும். இரண்டையும் வைத்து ஒரு பிரதி செய்து, எங்கே எதை ஏன் எடுத்தோம் என்று எழுதிவைக்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் அதைத் திருப்பிப் பெயர்க்க வேண்டும். பிறகு மொழிபெயர்ப்பாளர்கள், மருத்துவத் துறையினர், ஆய்வுமுறை தெரிந்தவர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அதன் பிறகு 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை. பெரும்பாலான குழுக்கள் காசில் கை வைப்பது இந்தக் கடைசிப் படியில்தான். செலவைக் குறைக்க முதல் மொழிபெயர்ப்புக்கு மென்பொருளைப் பயன்படுத்துவது இப்போது பரவியிருக்கிறது. அதைப் பற்றி எங்களுக்குப் பெரிய ஆட்சேபமில்லை. மென்பொருள் செய்த வரைவை அதே மென்பொருளிடம் திருப்பிப் பெயர்க்கச் சொல்லிவிட்டு ஒத்துப்போகிறது என்று எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

‘சீன மொழிப் படிவம்’ என்று ஒருமையில் பேசுவதே பாதி ஏமாற்று. சிங்கப்பூர் 1969இலிருந்து படிப்படியாக எளிய எழுத்துகளுக்கு மாறியது. சீனாவும் எளிய எழுத்துகளையே எழுதுகிறது. ஹாங்காங்கும் தைவானும் மரபெழுத்திலேயே இருக்கின்றன. ஓர் எழுத்துமுறையிலிருந்து மற்றதற்குக் கணினி நொடியில் மாற்றிக் கொடுத்துவிடும். எழுத்துதான் மாறும், வழக்குச் சொல் மாறாது. மேமோகிராமுக்குச் சீனாவில் மருத்துவமனை வழக்கில் ‘மூபா’ என்பார்கள். எக்ஸ்ரே கருவியில் உள்ள மாலிப்டினம் என்ற உலோகத் தகட்டை வைத்து வந்த பெயர். தைவானில் அதற்கு ‘மார்பகப் படம்பிடிப்பு’ என்ற பொருளில் ஒரு சொல். ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் எக்ஸ்ரே என்பதைச் சேர்த்துச் சொல்வார்கள். சீனாவில் செய்த படிவத்தை எழுத்தை மட்டும் மாற்றித் தைவானில் கொடுத்தால், படிப்பவர் எதைப் பற்றிய கேள்வி என்றே தெரியாமல் கட்டத்தைக் குறிப்பார்.

பேச்சு இன்னொரு தனி உலகம். சிங்கப்பூரில் மாண்டரின் பேசும் இயக்கம் 1979இல் தொடங்கியது. அதற்கு முன்பே வளர்ந்தவர்களில் பலருக்கு ஹொக்கியன், தியோச்சூ, கேண்டனீஸ், ஹக்கா ஆகிய சீனக் கிளைமொழிகளில் ஒன்றுதான் மனசின் மொழி. அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. பேட்டியாளர் கையில் இருப்பதோ மாண்டரின் நடையில் எழுதிய தாள். அதைப் பார்த்தபடி வாயில் ஹொக்கியனாக மாற்றிக்கொண்டே போவார். பத்துப் பேட்டியாளர் போனால் பத்துப் படிவம். இதைத் தடுக்கக் கிளைமொழி ஒவ்வொன்றுக்கும் பேச்சுப் பிரதி ஒன்றை முன்கூட்டியே முடிவுசெய்து, ஒலிப்பதிவாகக் கையடக்கக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். கேண்டனீஸைப் பேசுவதுபோலவே எழுதும் வழக்கம் ஓரளவு இருப்பதால் பிரதி எழுதலாம். ஹொக்கியனுக்கு ஒலிப்பதிவே நம்பகமானது. எதிர்மறை வாக்கியங்களில் இன்னொரு சிக்கல்: ‘எனக்கு அது தேவையில்லை’ என்று படித்தால் சீனர் ‘ஆம்’ என்பார், ஆம், தேவையில்லை என்று பொருள். ‘இல்லை’ என்று சொன்னால் எதை மறுக்கிறார் என்று அவரைத் திரும்பக் கேட்டால்தான் தெரியும். கேட்டுக் கேட்டு ஓய்ந்த பேட்டியாளர் மாலையில் திரும்பக் கேட்பதில்லை.

தடைகளைப் பற்றிய பகுதியில் பிசகு வேறு விதமாக வருகிறது. மேமோகிராமுக்கு முன்பதிவு செய்ய மறந்துவிடுகிறேன் என்று ஒரு வாக்கியம். தானே தேதி வாங்கிக்கொண்டு போகும் அமைப்பில்தான் அது பொருள்படும். சீன நகரங்களில் வேலை செய்யும் இடமே ஆண்டுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது பரவலாக உண்டு. அங்கே மறப்பதற்கு என்ன இருக்கிறது? கிராமப்புறப் பெண்களுக்காகச் சீன அரசு 2009இல் தொடங்கிய மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் மார்பகத்துக்கு முதலில் செய்வது அல்ட்ராசவுண்ட் சோதனை. அந்தப் பெண்ணிடம் மேமோகிராம் வலிக்குமா, கதிர்வீச்சு ஆபத்தா என்று கேட்டு வாங்கும் விடைக்கு மதிப்பு கிடையாது. சிங்கப்பூரில் 2002இல் தொடங்கிய தேசியப் பரிசோதனைத் திட்டம் 50 முதல் 69 வயதுப் பெண்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராமுக்கு அழைக்கிறது. இங்கே அதே கேள்வி பொருத்தம். சோதனை செய்பவர்கள் மரியாதையில்லாமல் நடந்துகொள்கிறார்கள் என்ற வாக்கியத்தை அதே மருத்துவமனைச் சீருடை அணிந்த தாதியே கேட்டால் யார் ‘ஆம்’ என்பார்? பேட்டியாளர் வெளியாளாக இருக்க வேண்டும், இடமும் சமூக மன்றம் போன்ற பொது இடமாக இருந்தால் நல்லது.

மூலத்தில் இல்லாத தடைகளும் உண்டு. உடம்பில் ஒன்றும் தெரியாதபோது எதற்குச் சோதனை என்ற எண்ணம், ஆண் ஊழியர் இருப்பாரோ என்ற கூச்சம், மகன் அல்லது மகள் விடுப்பெடுத்து அழைத்துப் போனால்தான் போக முடியும் என்ற நிலை. இவற்றைச் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் பழைய வாக்கியங்களுக்கு நடுவே செருகக் கூடாது. மூல வாக்கியங்கள் அப்படியே இருக்க, புதியவை கடைசியில் தனிப் பகுதியாக, தனி மதிப்பெண்ணோடு வர வேண்டும். இல்லாவிட்டால் தடைகளின் மொத்த எண்ணை எந்த நாட்டோடும் ஒப்பிட முடியாது. எதைச் சேர்ப்பதானாலும் நீக்குவதானாலும் மூல ஆசிரியரின் அனுமதி முதலில் வேண்டும்.

மருந்துகளைப் பற்றிய நம்பிக்கைப் படிவம் இன்னும் சுவையான உதாரணம். ஹார்ன், வைன்மன், ஹாங்கின்ஸ் மூவரும் 1999இல் வெளியிட்டது. மொத்தம் 18 வாக்கியங்கள்: தான் சாப்பிடும் மருந்தைப் பற்றி 10, பொதுவாக மருந்துகளைப் பற்றி 8. பொதுப் பகுதியில் எல்லா மருந்தும் நஞ்சு என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது. ஆங்கிலத்தில் அது கடுமையான அவநம்பிக்கை. ஒத்துக்கொள்பவர் மருந்தையே வெறுப்பவராக இருப்பார். சீனத்தில் மருந்தென்றால் பத்தில் மூன்று பங்கு நஞ்சு என்பது ஊரறிந்த பழமொழி. மாத்திரையைத் தவறாமல் விழுங்குபவரும் அதற்குத் தலையாட்டுவார். வாக்கியம் ஆட்களைப் பிரித்துக் காட்டும் வலுவை இழந்துவிடுகிறது. மருந்து என்று பொதுவாகச் சொன்னால் மருத்துவர் கொடுத்த மாத்திரையா, சீன மருந்துக் கடையில் வாங்கிக் காய்ச்சிக் குடிக்கும் மூலிகையா என்ற கேள்வியும் எழும். பலர் இரண்டையும் சாப்பிடுகிறார்கள். மேனாட்டு மருந்து நோயின் குறியை வேகமாக அடக்கும், சீன மருந்து வேரைப் பார்க்கும் என்ற எண்ணமும் பரவலானது. எனவே பகுதியின் தலைப்பிலேயே எந்த மருந்து என்று எழுதிவிட வேண்டும். முடிந்தால் மாத்திரைப் பட்டையை எதிரில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும்.

உடல்நலம் யார் கையில் என்று அளக்கும் வாலஸ்டனின் 1978ஆம் ஆண்டுப் படிவத்தில் ‘என் கையில்’, ‘தற்செயல்’ என்ற இரண்டும் தனித்தனிப் பகுதிகள். சீனருக்கு அதிர்ஷ்டம் வேறு, விதி வேறு. முதலாவது மாறும், இரண்டாவது மாறாது. மனிதன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மிச்சத்தை வானத்திடம் விடு என்பது அவர்கள் மரபு. ஆகவே ஒருவரே இரண்டு பகுதியிலும் உயர்ந்த எண் வாங்கலாம். அதைக் குளறுபடி என்று எண்ணி விடைத்தாளைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. முயற்சியையும் தலையெழுத்தையும் ஒரே மூச்சில் சொல்பவர்கள் நம்மிலும் குறைவில்லையே.

இவ்வளவையும் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆட்களோடு உட்கார்ந்துதான். அறிவாய்வுப் பேட்டி என்று பெயர். ஒரு சுற்றுக்கு 8 முதல் 12 பேர், குறைந்தது இரண்டு சுற்று, இடையில் வாக்கியங்களைத் திருத்த வேண்டும். ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. முதியவர் என்றால் 40 நிமிடத்தில் களைத்துவிடுவார், எனவே எல்லா வாக்கியத்தையும் ஒருவரிடமே கேட்காமல் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு விடை வாங்கியதும், இதை உங்கள் சொல்லில் சொல்லுங்கள், ‘சில ஆண்டுகள்’ என்றதும் எத்தனை ஆண்டு என்று நினைத்தீர்கள், ஏன் இந்தக் கட்டம், பக்கத்துக் கட்டம் ஏன் இல்லை, இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கத் தயங்குவீர்களா என்று துருவ வேண்டும். கடைசிக் கேள்வியில்தான் அமங்கலப் பேச்சு என்ற விஷயமே வெளிவரும். ‘புரிகிறதா?’ என்று கேட்பதில் பயனில்லை. புரியவில்லை என்று சொல்லி யார் தன்னைக் குறைத்துக்கொள்வார்?

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதும் முக்கியம். பல்கலைக்கழக ஊழியர், பட்டதாரி மாணவர் என்று கைக்கு எட்டியவர்களை உட்கார வைத்தால் எல்லா வாக்கியமும் தேறிவிடும். தொடக்கப்பள்ளியோடு நின்றவர், சீனப் பள்ளியில் மரபெழுத்து படித்த முதியவர், ஆங்கிலம் அறியாதவர், சமீபத்தில் சீனாவிலிருந்து குடியேறியவர் என்று வேண்டுமென்றே கலக்க வேண்டும். புற்றுநோயைப் பற்றி நினைத்தால் நெஞ்சு படபடக்கிறது என்ற வாக்கியத்துக்கு, ‘ஆமாம், எனக்கு எப்போதுமே படபடப்பு உண்டு, அதற்குக் கஷாயம் குடிக்கிறேன்’ என்று விடை சொல்பவரை அங்கேதான் பார்க்க முடியும். பேச்சுக்கு அளந்தது பயத்தை. கையில் வந்தது இதயக் கோளாறு.

இனி எண்கள். வல்லுநர் குழு ஒவ்வொரு வாக்கியமும் எவ்வளவு பொருத்தம் என்று 1 முதல் 4 வரை மதிப்பிடும். 3 அல்லது 4 கொடுத்தவர்களின் பங்கு 0.78க்குக் குறையக் கூடாது. ஆறு பேர் குழுவில் ஐந்து பேர் ஒத்துக்கொண்டால் 0.83, தேறும், நான்கு பேர் என்றால் 0.67, தேறாது. ஆறு பேரும் பேராசிரியர்களாக இருந்தால் இந்த எண்ணால் பயன் குறைவு. கிளைமொழி பேசும் முதியவர்களோடு தினமும் பழகும் தாதி ஒருவராவது அந்த அறையில் இருக்க வேண்டும்.

அறிக்கைகளில் முதலில் கண்ணில் படுவது க்ரான்பாக் ஆல்ஃபா, அதாவது ஒரு பகுதியின் வாக்கியங்களுக்குக் கிடைத்த விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண். 0.70ஐத் தாண்டினால் நம்பகமானது என்று முடித்துவிடுகிறார்கள். அந்த எண் வாக்கியங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து உப்பும். பத்து வாக்கியங்களுக்கு இடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.2 இருந்தாலே ஆல்ஃபா 0.71 வந்துவிடும். மறுபுறம், ‘எனக்கு வருமா’ பகுதியின் மூன்று வாக்கியங்களும் ஏறக்குறைய ஒரே வாக்கியம். அமங்கலம் என்று மூன்றையும் ஒரே மாதிரி மறுப்பவர்கள் இருந்தால் ஒட்டுறவு கூடும், ஆல்ஃபா 0.90ஐத் தொடும். எல்லாரும் சேர்ந்து கேள்வியைத் தவிர்த்ததற்குக் கிடைக்கும் பாராட்டு அது. இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்டுப் பார்க்கும் சோதனை இதைவிடப் பயனுள்ளது. அந்த இரண்டு வாரத்துக்குள் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபர் குறுக்கிடக் கூடாது. எந்தெந்த வாக்கியங்கள் ஒரே தொகுப்பாக, அதாவது ஒரே காரணியாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்கு வாக்கியத்துக்கு 5 முதல் 10 பேர் வேண்டும். யாருடைய விடைகளை வைத்து அந்த அமைப்பைக் கண்டுபிடித்தார்களோ அதே ஆட்களின் விடைகளை வைத்தே அதை உறுதிசெய்வதும் நடக்கிறது, கூடாது. தலைகீழாக மதிப்பெண் போடும் எதிர்மறை வாக்கியங்கள் தனிக் காரணியாகக் கூடினால் புதிய நம்பிக்கை ஒன்றைக் கண்டுபிடித்ததாக மகிழ வேண்டாம். முன்னே சொன்ன ஆம், இல்லை குழப்பம்தான் அப்படிக் கூடியிருக்கிறது.

இனங்களை ஒப்பிடுவதற்கு முன் கடக்க வேண்டிய வாசல் அளவீட்டு ஒப்புமை. முதலில் இரண்டு மொழியிலும் வாக்கியங்கள் ஒரே விதமாகத் தொகுப்பாகின்றனவா, அடுத்து ஒவ்வொரு வாக்கியமும் அந்த நம்பிக்கையோடு ஒரே அளவு கட்டுண்டிருக்கிறதா, கடைசியாக ஒரே நம்பிக்கை உள்ள இருவர் ஒரே கட்டத்தைக் குறிக்கிறார்களா என்று படிப்படியாகச் சோதிக்க வேண்டும். விடைகள் எதிர்பார்த்த அமைப்போடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் பொருத்த எண் ஒவ்வொரு படியிலும் 0.01க்கு மேல் இறங்கினால் அங்கேயே நிற்க வேண்டும் என்பது 2002 முதல் பரவலாகக் கையாளப்படும் அளவு. சீன மொழிப் படிவங்கள் தடுக்கி விழக்கூடியது மூன்றாம் படியில். ஒரே அளவு கவலை உள்ள தமிழ்ப் பெண் 3ஆம் கட்டத்தையும் சீனப் பெண் 2ஆம் கட்டத்தையும் குறித்தால், அந்த ஒரு கட்ட வித்தியாசம் படிவத்தினுடையது. செய்தித்தாளில் அது இனத்தின் குணமாக அச்சாகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் போடும் இனவாரிப் படத்தில் ‘சீனர்’ என்ற பட்டைக்குள் ஆங்கிலப் படிவத்தை நிரப்பிய இளையவர்களும் சீனப் படிவத்தை நிரப்பிய முதியவர்களும் கலந்திருப்பார்கள். இந்தியர் பட்டையிலும் அதே கதை. யார் எந்த மொழியில் விடை சொன்னார் என்று பிரிக்காமல் போட்ட சராசரி, இனத்தையும் வயதையும் மொழியையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. ஆகவே உங்கள் செய்தியாளர்கள் ஆய்வுக் குழுவிடம் நான்கு விவரம் கேட்டு, செய்தியின் கீழே சிறிய எழுத்திலாவது போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்: ஒவ்வொரு மொழிப் படிவத்திலும் எத்தனை பேர் விடை சொன்னார்கள், அவர்களே படித்து நிரப்பினார்களா அல்லது படித்துக் காட்டினார்களா, முன்சோதனையில் எந்த வாக்கியங்கள் மாற்றப்பட்டன, மூன்றாம் படி ஒப்புமை சோதிக்கப்பட்டதா. கடைசி விடை ‘இல்லை’ என்றால் இனவாரிப் படத்தைத் தவிர்த்துவிட்டு, ஒவ்வொரு இனத்துக்குள்ளும் பரிசோதனைக்குப் போனவர்களும் போகாதவர்களும் எப்படி வேறுபடுகிறார்கள் என்பதை மட்டும் போடலாம். அதற்கு இந்த ஒப்புமை தேவையில்லை, வாசகருக்கும் அதில்தான் பயன் கூடுதல்.

வீட்டுக்கு வரும் கருத்தாய்வில் தமிழ்ப் படிவத்தை வாங்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பேட்டியாளர் அச்சில் உள்ளதை விட்டுத் தன் சொல்லில் விளக்கினால், அப்படி விளக்கியதை அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒழுங்காகத் தயாரித்த படிவத்தில் அதற்கென்று ஓரத்தில் இடம் விட்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
கருத்தாய்வுப் படிவங்களை மொழிமாற்றும் பணியில் உள்ள சிலர்,
சிங்கப்பூர்